அசனத்துக்கு வந்த இட்லி

நான்கைந்து வருடங்களுக்கு முன்னால், ஏப்ரல் மாதத்தின் கடைசி நாள். தாராவியில் எங்கள் சந்தில் நடந்தது இது. நான் வீட்டிலேயே இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர்களுக்குக் கொடுக்கிறேன். மாட்டுங்கா, செம்பூர், திலக் நகர் என்று காலையில் பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு வருவார்களே, அவர்களில் சிலருடைய பாத்திரத்தில் இருப்பது என் வீட்டு இட்லிதான். பெருமைக்காகவேதான் சொல்கிறேன், தப்பா?

எங்கள் சந்தில் பாதி வீடுகள் ஒரே ஊர்க்காரர்களுடையவை. திருச்செந்தூர் பக்கம், செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சின்னக் கிராமம். எல்லோரும் கத்தோலிக்கர்கள். நான் வேறு ஊர், வேறு சாமி. எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் அப்படியில்லை. எங்கே இருந்தாலும் தங்கள் ஊர்ச் சூசையப்பர் கோயிலை விடமாட்டார்கள். பக்கத்து ஊர்ப் பாதிரியாரின் பொறுப்பில், அவர் பங்கோடு ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கோயில், தனிச் சாமியாரோடு தனிப் பங்காக ஆகி அந்த மே ஒன்றாம் தேதியோடு ஐம்பது வருஷம். ஊருக்குப் போக முடியாதவர்கள் எல்லாம் சேர்ந்து, மும்பையிலேயே அசனம் போடுவது என்று முடிவு செய்தார்கள். அசனம் என்பது கோயில் திருவிழாவில் ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும்.

அதையும் பழைய முறைப்படி, பிடி அரிசியில் செய்ய ஆசைப்பட்டார்கள். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து எல்லோரும் ஒரே டிரம்மில் கொட்ட வேண்டும். தவக்காலம் தொடங்கியதிலிருந்து அந்த நீல டிரம் என் பக்கத்து வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டுக்காரி என்னை மைனி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாள். எங்களுக்குள் எந்த உறவும் இல்லை, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வந்த உறவுதான்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் சமையல் மாஸ்டர் வந்து டிரம்மைத் திறந்தார். கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அவ்வளவுதான், கத்த ஆரம்பித்துவிட்டார்.

"என்னம்மா இது? இந்த ஊரு கோலம் அரிசி கெடக்கு, பாசுமதி கெடக்கு, ரேஷன் அரிசி, புழுங்கல், கேரளாக்காரன் திங்கிற செவப்பு அரிசி, எல்லாம் கெடக்கு! ஒலையில போட்டா ஒண்ணு களியாப் போவும், ஒண்ணு கல்லாக் கெடக்கும். என்னால ஆவாது."

யாருக்கும் இது முன்பே தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே அரிசி. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ருசி, ஒரு வசதி. வேறு அரிசி வாங்கிச் சமைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி அழுதே விட்டாள்.

"சூசையப்பருக்குன்னு எடுத்து வச்சது மைனி. இத வித்துட்டுக் கடை அரிசியப் பொங்கினா அது அசனமா? நாளைக்குச் சனங்க மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அவள் அழுததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அரிசி விஷயத்தில் ஒருவர் முடியாது என்று சொன்னால் என் கை சும்மா இருக்காது. "வேவுறதுதான பிரச்சினை? அரைச்சிட்டா எல்லாம் ஒண்ணுதான். ஆட்டுக்கறிக் குழம்புக்கு இட்லி ஆவாதா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு அரிசியையும் அரைக்க வேண்டுமென்றால் என் கிரைண்டர்கள் எல்லாம் அதற்கே சரியாகப் போகும். சைக்கிள்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். "என்னக்கா இது, நாளைக்கு சுட்டி, மே தின லீவு. எல்லாரும் வீட்ல இருப்பாவ. நாளைக்குத்தான் தந்தாவே, யாவாரமே!" என்று புலம்பினார். என் வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று முறைத்துவிட்டு, அரிசி மூட்டையைத் தூக்க முதல் ஆளாக வந்து நின்றார்.

சந்து முழுக்கப் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்தார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கோயிலின் கதையைக் கேட்டேன். முதலில் அது வெறும் பனை ஓலைக் குடிசையாம். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை மாட்டு வண்டியில் வந்து பூசை வைப்பாராம். பனையேறிய குடும்பங்களில் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால், பெண்கள் பிடி அரிசி எடுத்து வைத்தார்களாம். அதைக் கோயில் முற்றத்தில் ஏலம் விட்டுக் கல் வாங்கினார்களாம். சுவர் எழும்பியது, ஓடு வந்தது, பிறகு சாமியாரும் வந்தார். இதுவரை எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். முதல் பிடி அரிசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற இடத்தில்தான் சண்டை. ஆளாளுக்குத் தங்கள் மாமியாரின் மாமியார் என்று சாதித்தார்கள். மாமியாரை இவ்வளவு பெருமையாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

என் கவலை வேறு. பச்சரிசியும் பாசுமதியும் கலந்த மாவு பொங்குமா? களி மாதிரி வந்தால்? கைவசமிருந்த இட்லி அரிசியைக் கொஞ்சம் சேர்த்தேன், உளுந்தையும் கூட்டினேன். எங்கள் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். போதுமா என்று சந்தேகம் வந்து, சூசையப்பரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

காலையில் மாவு பாத்திரத்தை விட்டு வழிந்து நின்றது. மே மாத வெயிலுக்கு நன்றி. முதல் ஈட்டைத் திறந்தேன். என் இட்லி பூப்போல வெள்ளையாக இருக்கும், இது லேசான பழுப்பு. எனக்கு முகம் தொங்கிப் போனது. பிட்டு வாயில் போட்டேன். மெத்தென்று இருந்தது. சிவப்பு அரிசியால் ஒரு தனி வாசனை வேறு.

பூசை முடிந்து சந்தில் பாய் விரித்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், இலையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். "அசனத்துக்கு இட்லியா? ஊர்ல கேட்டா சிரிப்பானுவ. அதுவும் கலரப் பாரு." எனக்குச் சுருக்கென்றது. குழம்பு வாளியோடு அவர் எதிரே அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி கோபமாக, "எல்லா வீட்டுப் பிடியும் இதுல இருக்கு பெரியப்பா. பேசாமத் தின்னுங்க" என்றாள். அவர் தின்றார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "இன்னும் ரெண்டு வைம்மா" என்றார். பிறகும் கேட்டார். எத்தனை என்று நான் எண்ணவில்லை. என் வீட்டுக்காரர் எண்ணிவிட்டு இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

அடுத்த வருஷமும் மும்பையில் அசனம் போட்டார்கள், வேறு அரிசி வாங்கலாமா என்ற பேச்சே எழவில்லை. வேண்டுமென்றே எல்லா அரிசியையும் கலந்து கொண்டுவந்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள், ஊரிலும் அசனம் என்றால் பழுப்பு இட்லிதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் திருத்துவதில்லை.

போன வருஷம் அவர்கள் ஊர்ப் பங்குச் சாமியாரே அசனத்துக்காக மும்பைக்கு வந்திருந்தார். நான் கடைசியில், அடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பிரசங்கத்தில் அவர் கோயில் வரலாறு சொன்னார். ஓலைக் குடிசை, மாட்டு வண்டி, பிடி அரிசி, கல், ஓடு. அதோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன்.

"அந்தப் பிடி அரிசி வீணாப் போகாம, தன் தொழில ஒரு நாள் நிறுத்தி வச்சு, அரைச்சு இட்லியாக்கிக் குடுத்த ஒரு தாய் இந்தச் சந்துல இருக்காங்க. அவங்க நம்ம சபை இல்ல. ஆனா நம்ம பங்கு வரலாற்றை இனிமே யார் சொன்னாலும் அவங்களையும் சேர்த்துத்தான் சொல்லணும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கிராமத்தை நான் பார்த்ததில்லை, அந்தக் கோயில் வாசலை மிதித்ததும் இல்லை. பிழைக்க வந்த இந்த ஊரில் என்னை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று அடிக்கடி நினைப்பவள் நான், இப்போதெல்லாம் அப்படி நினைப்பதில்லை.