ஏறக் கூடாத எண்ணிக்கை

தங்கை பூங்கொடி பேருந்திலிருந்து இறங்கும்போது அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்றே உத்திராபதி முன்கூட்டி வந்து நின்றிருந்தார். அது 2007ஆம் ஆண்டு மாங்கனித் திருவிழா. காரைக்கால் பேருந்து நிலையத்தைச் சுற்றிக் காதுகுத்துக்கும் கட்சிக்காரர்களுக்கும் கட்டிய பிளக்ஸ் போர்டுகள். அத்தனைக்கும் மேலே பூங்கொடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

‘உலக விஞ்ஞானிகள் 236 பேர் மேற்கோள் காட்டிய கிளிஞ்சல்மேட்டின் மகள் டாக்டர் அ. பூங்கொடி வருக வருக!’ மூலையில் கைகூப்பியபடி அண்ணன் உத்திராபதி, போட் இன்ஜின் மெக்கானிக்.

பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். படத்தில் இருந்த சிரிப்புக்கும் கீழே நின்ற முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ரத்தம் வடிந்தது போல வெளுத்துவிட்டாள்.

“என்னண்ணே பண்ணி வச்சிருக்க?”

“ஏம் புள்ள, படம் நல்லா இல்லியா?”

“இறக்கச் சொல்லு. இப்பவே இறக்கச் சொல்லு.”

ஆட்டோவில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். உத்திராபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிழை இருந்துவிடக் கூடாதென்று, பிளக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் சேர்த்து நடத்தும் காதர் பாட்சாவிடம் எத்தனையோ முறை சரிபார்த்த வாசகம் அது. அவர் படித்தது எட்டாவது வரைதான். ஆனாலும் ஞாயிறுதோறும் காதர் கடைக்குப் போய், கணினியில் தங்கையின் பெயரைத் தட்டச் சொல்லி, கட்டுரை எத்தனை, தங்கள் ஆராய்ச்சியில் அதை எடுத்துக் காட்டியவர்கள் எத்தனை பேர், எந்தெந்த நாட்டுக்காரர்கள் என்று கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார். பதினோரு கட்டுரைகள், எடுத்துக் காட்டியவர்கள் மொத்தம் 236 பேர். அதில் வலிப்பு மருந்தைப் பற்றிய ஒன்றுக்கு மட்டும் நூற்றுத் தொண்ணூறு.

அந்தக் கட்டுரை பிறந்த கதை அவர் கண்முன் நடந்தது. பூங்கொடிக்கு ஒன்பது வயதில், மீன் ஏலம் போடும் இடத்தில் அம்மா பவுனம்மாள் வலிப்பு வந்து விழுந்தாள். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், யாரோ செருப்பை மோந்து பார்க்க வைத்தார்கள். “மூளைக்குள்ள என்னதாண்ணே ஆகுது?” என்று அன்று கேட்ட பெண், அரசுப் பள்ளியில் படித்து, மருந்தியல் படித்து, சென்னையில் ஆராய்ச்சிக்கூடம் வரை போய்விட்டாள். கரையோரம் வளரும் ஒரு கடற்பாசியின் சாறு எலிகளின் வலிப்பை அடக்குகிறது என்று 2001இல் எழுதினாள். உலகமே திரும்பிப் பார்த்தது என்று உத்திராபதி ஏலக்கூடத்தில் சொல்லாத ஆள் கிடையாது.

சுனாமிக் குடியிருப்பு வீட்டுக்குள் நுழைந்ததும் பூங்கொடி தரையில் உட்கார்ந்தாள்.

“அந்தக் கட்டுரை தப்புண்ணே.”

“எந்தக் கட்டுரை?”

“நூத்தித் தொண்ணூறு பேரு எடுத்துக் காட்டினது. வலிப்ப அடக்குனது பாசி இல்ல. பாசிச் சாறக் கரைக்க ஊத்துன திரவம். ஒப்பிட்டுப் பாக்க மருந்து இல்லாம வச்சிருந்த எலிங்களுக்கு அந்தத் திரவத்தக் கொறச்சலா ஊத்திட்டேன். அதான் வித்தியாசம் தெரிஞ்சிது. போன மாசந்தான் கண்டுபுடிச்சேன். கட்டுரைய வாபஸ் வாங்கறேன்னு பத்திரிகைக்கு எழுதப் போறேன்.”

உத்திராபதிக்கு வெயிலில் நின்றவரைக் கடலுக்குள் தூக்கிப் போட்டது போல இருந்தது.

“யாரு கேட்டா ஒன்ன? எவனாவது தப்புன்னு சொன்னானா?”

“இல்ல.”

“அப்பொறம்? ஒனக்குப் பேராசிரியர் வேல வருதுன்னியே, அது?”

“போயிரும்.”

“ஊரு பூரா மாட்டி வச்சிருக்கேன்டி! எம் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைப்பேன்? பேசாம இரு. ஒருத்தருக்கும் தெரியாதுல்ல?”

“ஒரு நாட்டுல மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கத் தயாராவுறாங்கண்ணே. எங் கட்டுரைய நம்பி, போட்டுக்கிட்டிருக்க மாத்திரைய நிறுத்திட்டு இதக் குடுப்பாங்க.”

அதுவரை மீன் அலசிக்கொண்டிருந்த பவுனம்மாள் கையை உதறினாள். “நிறுத்திட்டா? எனக்கு ஒருக்கா மாத்திர தீந்து போயி என்னாச்சுன்னு மறந்துட்டியாடா? அடுப்புல விழுந்தேன். இந்தா தழும்பு.” முழங்கையைத் திருப்பி மகன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “ஒம் மூஞ்சிய எங்கியாவது வச்சிக்க. அந்த நாட்டுப் பொம்பள எவளோ, அவ அடுப்புல விழக் கூடாது.”

உத்திராபதி சட்டையை மாட்டிக்கொண்டு பிளக்ஸை இறக்கக் கிளம்பினார்.

காதர் பாட்சாதான் ஏணி பிடித்தார். “என்னாச்சுண்ணே? நம்பர் தப்பா அடிச்சிட்டேனா?”

“நம்பர் சரிதான் பாய். கட்டுரதான் தப்பாம்.”

“யாரு சொன்னது?”

“எழுதுனவளே சொல்றா.”

காதர் ஏணியை விட்டுவிடப் பார்த்தார்.

பூங்கொடி சொன்னபடியே எழுதினாள். பேராசிரியர் வேலை இன்னொருவருக்குப் போயிற்று. மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஏற்பாட்டை அந்த நாட்டில் நிறுத்தினார்கள். பிளக்ஸ், இன்ஜின் பட்டறைக்குக் கூரையானது. எண் இருந்த வரியை மட்டும் உத்திராபதி பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்திருந்தார். பெயரும் சிரிப்பும் அப்படியே இருந்தன.

இரண்டு வருடம் அவர் காதர் கடைக் கணினிப் பக்கம் போகவில்லை. 2009 மாங்கனிக்குக் காதரே ஓடி வந்தார்.

“அண்ணே, வேற போர்டு போடுவோமா? அந்த வலிப்புக் கட்டுரைக்கு மட்டும் நூத்தித் தொண்ணூறு இப்ப 231 ஆயிருச்சு!”

“வாபஸ் வாங்குனதுக்கா?”

“அதுக்குத்தான்.”

உத்திராபதி கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. அங்கேயே செல்போனை எடுத்தார்.

“பூங்கொடி, தப்புன்னு நீயே எழுதுனத இன்னும் எப்புடி எடுத்துக் காட்டுறானுங்க?”

“படிக்கறதில்லண்ணே. ஒருத்தரு சேத்தாருன்னு இன்னொருத்தரு சேத்துக்கறாரு. கண்ணுல படறவங்களுக்கெல்லாம் நானே எழுதிச் சொல்லிக்கிட்டிருக்கேன். எல்லாம் கண்ணுல படுதா?”

விஞ்ஞானிகள் படிக்காமலே எழுதுவார்கள் என்பது, கட்டுரை தப்பு என்று கேட்ட அன்றைவிடப் பெரிய அடியாக விழுந்தது. கையில் கிரீஸோடு அப்படியே காதர் கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

அதிலிருந்து ஞாயிறு தவறுவதில்லை. எண் அசையாமல் இருந்தால் காதருக்கு டீ. ஏறியிருந்தால் உத்திராபதியின் முகம் மாறிவிடும்.

“ஒண்ணு ஏறிருக்குண்ணே.”

“அட பாவி! யாரு? எந்த ஊரு? பேர நிறுத்திச் சொல்லுங்க பாய், தங்கச்சிக்குப் போன் போடணும்.”