றமீலா பூட்டிய அறை

கொண்டை ஊசி மேசைக்கு வரும்வரை றமீலா யாருடைய காதையும் பார்ப்பதில்லை. "எடுங்கொ. தலையில ஈக்கிற மத்ததையும் எடுங்கொ" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஊசி, தீக்குச்சி, மோட்டார் சைக்கிள் சாவி, பஞ்சு சுற்றிய ஈர்க்கு எல்லாம் அந்தக் கைக்கு வந்திருக்கின்றன. ஒரு வங்கி முகாமையாளர் வெட்கத்தோடு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன் காலைக் காட்டினார். "காது என்ன குப்பைக் குழியா? தோண்டிட்டே போனா அங்கால மூளதான் வரும்" என்றார் றமீலா. அவர் முகாமையாளர் என்பது றமீலாவுக்குத் தெரியும். தெரிந்ததால் சற்றுக் கூடுதலாகவே சொன்னார்.

வயது நாற்பத்தாறு. கண்டிப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பத்தொன்பது வருடங்களாகச் செவிப்புலன் பரிசோதிப்பவர். திகனயிலிருந்து ஆறரை மணி பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் பாட்டைச் சத்தமாகப் போட்டால் எழுந்துபோய் நடத்துநரின் காதைப் பிடித்துப் பார்ப்பார், உள்ளே என்ன நிலையில் இருக்கிறதென்று. செவிடான அப்பாவிடம் மகன் கத்தினால் மகனை வெளியே அனுப்பிவிடுவார். "கேக்காதுண்டா மாடா அவரு? முன்னுக்கு வந்து, மொகத்தப் பாத்து, மெதுவாப் பேசுங்கொ."

அவரிடம் விசித்திரமான ஒன்று உண்டு. கோபம் ஏற ஏற அவருடைய குரல் இறங்கும். சாதாரணக் கோபத்தில் பக்கத்து அறைக்குக் கேட்கும். பெரிய கோபத்தில் எதிரே நிற்பவருக்கே காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். சிற்றூழியர்கள் அவர் சத்தம் போடும்போது சிரித்துக்கொண்டு நிற்பார்கள். சத்தம் நின்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தக் கோபத்துக்கு ஒரு சோகக் கதை இருக்கும் என்று நானும் தேடிப் பார்த்தேன். இல்லை. கணவர் மர்சூக் சாதுவான மனிதர், வத்தேகமயில் பைப் சாமான் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன. கோபம் வேலையிலிருந்து வருகிறது. பத்தொன்பது வருடம் ஒரே கதிரையில் உட்கார்ந்து, தடுத்திருக்கக்கூடிய செவிட்டுத்தனத்தைத் தினமும் இருபது தடவை அளந்து எழுதினால் யாருக்கும் வரும்.

போன வருடம் அந்தப் பிரிவுக்கு ஓர் ஆய்வு வந்தது. செவிப்பறையில் ஓட்டை விழுந்து, சத்திரசிகிச்சையில் தோல் வைத்து ஒட்டியும் மூடாதவர்களுக்கான புதிய வைத்தியம். மெல்லிய வலைத்துண்டு ஒன்றை ஓட்டையின் மேல் வைப்பார்கள். செவிப்பறையின் கலங்கள் அதைப் பற்றிக்கொண்டு படர வேண்டும். வலையில் ஒரு கூழ் பூசியிருக்கும். கலங்களை வளரச் சொல்லும் மரபணுவை, தீங்கு செய்யாதபடி மாற்றிய ஒரு வைரஸ் அந்தக் கூழிலிருந்து உள்ளே கொண்டுபோகும்.

றமீலா இதை நம்பினார். ஆய்வுக்கூடம் அனுப்பிய எலியின் செவிப்பறைப் படங்கள் இரண்டைத் தன் போனில் வைத்துக்கொண்டு பேருந்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டினார். "இது ஓட்ட. இது மூடினது. பாருங்கொ, அல்லாஹ்ட கிருபை, தையல்கூட இல்ல." ஆய்வுக்குப் பொருத்தமான நோயாளிகளைப் பழைய பதிவேடுகளில் தேடி எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அப்படி அவர் எடுத்துக் கொடுத்த பெயர்களில் ஒன்று அன்னலட்சுமி.

அன்னலட்சுமி மடுல்கெல்லயில் கொழுந்து பறிப்பவர், நாற்பத்தொரு வயது. சிறு வயதிலிருந்தே வலக்காதில் சீழ். இரண்டு தடவை ஒட்டியும் ஒட்டவில்லை. காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் கேட்பளவு எடுக்க அவர் வந்த காலையில் நானும் என் இடக்காதோடு வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

ஆய்வுக்கான பச்சைக் கோப்பின் மேலிருந்த சம்மதப் பத்திரத்தை றமீலா புரட்டினார். "இதுல என்ன எழுதி ஈக்கிது எண்டு தெரியுமா?"

"டாக்டரையா கையெழுத்துப் போடச் சொன்னாருங்க மிஸ், போட்டேன்."

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேங்க. தமிழுதான், ஆனா வெளங்கல. காதுல தூக்குமேடை வைப்போம்னு போட்டுருந்துச்சு. படிச்சவங்க எழுதுனது, நமக்கென்னா தெரியும்னு நெனச்சேன்."

"பயமில்லையா?"

"ராத்திரியெல்லாம் பயந்தாங்க. ஆனா ஒத்துக்கலேன்னா கிளினிக்குல இருந்து பேர வெட்டிருவாங்களே, எந்த நேரத்துலயும் அகற்றுவோம்னு அதுலயே இருக்குதுங்களே."

இருந்தது. றமீலா எழுந்துவந்து பத்திரத்தை என் மடியில் போட்டார். "தம்பி, நீங்க பத்திரிகைல எழுதுற ஆள்தானே. வாசிங்கொ."

"உங்கள் காது மேளம் பரிசோதிக்கப்படும். காது மேளத்தின் மீது தூக்குமேடை பொருத்தப்படும்" என்று தொடங்கியது. அந்த வலைத்துண்டுக்கு ஆங்கிலத்தில் கட்டடச் சாரத்தின் பெயர். அதே சொல்லுக்குத் தூக்குமேடை என்றும் ஒரு பொருள் உண்டு. கொம்பியூட்டர் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகைகளிலும் படிவங்களிலும் தமிழ் அடிபட்டுக் கிடப்பதைப் படமெடுத்து முகநூலில் போட்டுச் சிரிப்பது நம் பழக்கமாகிவிட்டது.

"என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?" குரல் இறங்கியிருந்தது. "மத்தப் பக்கத்த வாசிங்கொ."

மறுபக்கத்தில் இரண்டு வரிகள். ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்பது, "எந்த நேரத்திலும் நீங்கள் அகற்றப்படலாம்" என்று இருந்தது. பெண்கள் ஒரு வருடத்துக்குக் கர்ப்பம் தரிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது, "தவிர்க்கக் கூடாது" என்று இருந்தது. அடியில், தமிழ்ப் பிரதியை வாசித்துச் சரிபார்த்தேன் என்ற உறுதிமொழி. அதன் கீழே டொக்டர் ஸ்ரீதரனின் கையெழுத்து.

அதன் பிறகு நான் சிரிக்கவில்லை. சிங்களப் பிரதியில் ஒரு காற்புள்ளி பிசகியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். ஆங்கிலப் பிரதியை மூன்று குழுக்கள் வாசித்திருந்தன. தமிழ்ப் பிரதியை வாசித்த ஒரே ஆள் மடுல்கெல்லயில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். அவர் விளங்காததைத் தன்னுடைய குறையாக எடுத்துக்கொண்டார்.

ஸ்ரீதரன் இளைஞர், சாவகச்சேரிக்காரர், நோயாளிகளிடம் அன்பானவர். நடைபாதையிலேயே றமீலா அவரை மறித்தார்.

"இந்தக் கையெழுத்து யார்ட?"

"ஓம் அக்கா, என்ரதான்."

"வாசிச்சிட்டா வெச்சீங்க?"

அவர் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். "நான் இங்கிலீஷைத்தான் வாசிச்சனான். தமிழ் சரியா இருக்கும் எண்டு நினைச்சிட்டன். அண்டைக்கே குடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினவை."

"ஒங்கட அம்மாட கையில இதக் குடுத்து சைன் வைக்கச் சொல்லுவீங்களா?"

"அம்மாவை ஏனக்கா இழுக்கிறியள்?"

"பின்ன யார இழுக்கிற? அன்னலட்சுமியும் யாரோ ஒரு புள்ளைட உம்மாதானே."

கடைசி வாக்கியத்தை நான் கேட்கவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்தேன். பிறகு ஸ்ரீதரன்தான் சொன்னார்.

கேட்பளவைக் குறிக்காமல் யாரையும் ஆய்வில் சேர்க்க முடியாது. அதைக் குறிக்கும் ஒலிபுகா அறை அங்கே ஒன்றுதான். அதன் சாவி றமீலாவிடம். மற்ற நோயாளிகளுக்கு அறை திறந்திருந்தது. பச்சைக் கோப்போடு யார் வந்தாலும் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். முதல் நாள் தாதியர் தலைவி வந்து பேசிப் பார்த்தார். இரண்டாம் நாள் இடமாற்றம் என்ற சொல் நடைபாதையில் உலாவியது. "மாத்தட்டும். போற எடத்துலயும் காது ஈக்கும்தானே" என்றார்.

மூன்றாம் நாள் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியரே வந்தார். வெளிநாட்டுக் குழு அடுத்த மாதம் வருகிறது, ஒரு தட்டெழுத்துப் பிழைக்காக எல்லாவற்றையும் நிறுத்த முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார். றமீலாவின் சிங்களம் அவருடையதைவிடத் துப்புரவானது. பத்திரத்தை விரித்து, ஒவ்வொரு தமிழ் வரியையும் உள்ளபடியே சிங்களத்தில் சொன்னார். தூக்குமேடைக்கான 'எல்லுங்கஹ' என்ற சொல் வந்ததும் பேராசிரியர் கையை உயர்த்தினார். றமீலா நிறுத்தவில்லை. கர்ப்ப வரியைச் சொல்லி முடித்ததும் பேராசிரியர் நோயாளியின் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள்?"

பதினொரு பேர். அவர்களில் ஒருத்தி அக்குறணையில் புதிதாகக் கலியாணம் கட்டிய ஷஹ்மா, இருபத்துநான்கு வயது. நல்லவேளை, கூழ் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. யாருடைய காதுக்குள்ளும் எதுவும் போகவில்லை.

ஆய்வு நின்றது. பதினொரு கையெழுத்தும் செல்லாது என்று கடிதம் வந்தது. "தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு சிறு திருத்தம் காரணமாக" என்று அதில் இருந்தது. றமீலா அதை அறிவித்தல் பலகையில் குத்துவதற்கு முன் 'சிறு' என்பதைப் பந்துமுனைப் பேனையால் கடதாசி கிழியக் கிழிய வெட்டினார். அந்தப் பதினொரு பேரிடமும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

புதிய பத்திரத்தை மூன்று சனிக்கிழமைகள் இருந்து எழுதினோம். றமீலா, ஸ்ரீதரன், எழுத்துப்பிழை பார்க்க நான், மடுல்கெல்லயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அன்னலட்சுமி. சட்டம் றமீலாவுடையது. அன்னலட்சுமிக்கு விளங்காத வரி பத்திரத்தில் இருக்கக் கூடாது. தூக்குமேடை, "நுளம்பு வலையைவிட மெல்லிய ஒரு துண்டு, சில மாதங்களில் கரைந்துவிடும்" என்று மாறியது. காது மேளம் காதுச் சவ்வானது.

"வைரஸ்னா கொரோனா மாதிரிங்களா?" என்று கேட்டார் அன்னலட்சுமி. ஸ்ரீதரனுக்கு வியர்த்தது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத ஒரு காலைநேரம் போனது.

"எலிக்கெல்லாம் சரியாப் போச்சுங்களா?"

"ஓம், பத்தில ஏழுக்கு மூடினது."

"மத்த மூணு?"

ஸ்ரீதரன் றமீலாவைப் பார்த்தார். "எழுதுங்கொ" என்றார் றமீலா. எழுதினார்.

பத்திரத்துக்கு அனுமதி கிடைக்க நான்கு மாதங்கள் ஆயின. பதினொரு பேரையும் திரும்ப அழைத்தார்கள். ஷஹ்மா வரவில்லை, அவளுக்கு ஐந்து மாதம். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், ஏழு பேர் ஒப்பமிட்டார்கள். கடைசியாக அன்னலட்சுமி வந்தார். தானே இருந்து எழுதிய பத்திரத்தை எழுத்துக்கூட்டாமல் உரக்க வாசித்து முடித்தார். றமீலா அறையைத் திறந்து, காதில் மாட்டும் கருவியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்.

"எல்லாம் நல்லா வெளங்கிருச்சுங்க" என்றார் அன்னலட்சுமி. "எனக்கு வேணாங்க மிஸ்."

றமீலாவின் முகத்தில் ஏமாற்றம் ஒளிவில்லாமல் தெரிந்தது. அந்தக் காது கேட்க வேண்டும் என்று அங்கே அவரைவிட அதிகம் ஆசைப்பட்டவர் யாருமில்லை.

"இவ்வளவு தூரம் வந்து உதவி செய்தனீங்கள்" என்றார் ஸ்ரீதரன், பேனையை அன்னலட்சுமி பக்கம் நீட்டியபடி. "ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோவன். இனிமேல் இப்பிடி ஒரு சந்தர்ப்பம்..."

றமீலா அவர் விரல்களுக்கு இடையிலிருந்து பேனையை உருவினார். மூடியைத் தேடி எடுத்து மூடி, அவருடைய சட்டைப் பையிலேயே செருகினார்.