கேள்வி கேட்கச் சம்பளம்

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் புதன்கிழமைகளில் எந்த நோயாளியையும் நான் தொடக்கூடாது. பிரசவ வார்டு நர்சுகளையும் ஆராய்ச்சி செய்யப் பழக்க வேண்டும் என்று ஒரு திட்டம். அதில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அன்று முழுக்க மேஜை முன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அதற்குச் சம்பளம் வேறு. முதல் புதனன்று பழக்கதோஷத்தில் யூனிஃபார்மோடு போய் நின்றேன். திட்டத்தை நடத்தும் ஹெலன், "உன் கேள்வி என்ன?" என்றார். "கேள்வி எதுவும் இல்லை மேடம்" என்றேன் அவசரமாக. எங்கள் ஊரில் டாக்டர் பேசி முடித்து, கேள்வி உண்டா என்றால் நர்சு சொல்ல வேண்டிய பதில் அதுதான். எனக்கு ஆர்வமே இல்லை என்று ஹெலன் நினைத்துக்கொண்டார். அதைச் சரிசெய்யப் படாத பாடு பட்டேன்.

கேள்வி இல்லாமலா? வடசென்னையில் எர்ணாவூர்ப் பக்கம் ஒரு பிரசவ நிலையத்தில் நானும் என் தோழி மும்தாஜும் நர்சுகளாக இருந்தோம். வலியோடு வரும் பெண்ணைப் பரிசோதிப்போம். கர்ப்பப்பை வாய் போதுமான அளவு திறக்கவில்லை என்றால், வீட்டுக்குப் போய் வலி கூடியதும் வரச் சொல்வோம். அதுதான் விதி. விதியை எழுதியவர்கள் எங்கள் சாலையைப் பார்த்ததில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் ஆட்டோ அசையாது. திருப்பி அனுப்பிய பெண் ஆட்டோவிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டு வந்து சேர்வாள். அப்போதும் திட்டு அவளுக்குத்தான், இவ்வளவு நேரம் என்ன பண்ணினாய் என்று. தூரத்துப் பெண்களை மட்டும் அனுப்பாமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும், விசாரித்துப் பார்க்கலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "சிஸ்டர், நீங்க ஊசி போடுற வேலையைப் பாருங்க. ஆராய்ச்சியெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் ஹெலனிடம் சொன்னேன். துள்ளிக் குதிக்காத குறை. இந்த ஆராய்ச்சியை இரண்டு ஊரிலும் செய்வோம் என்றார். மும்தாஜுக்குப் போன் போட்டேன். "இன்னாடி சொல்ற, நம்ம கேள்வியா? நானே வூடு வூடாப் போய்க் கேட்டுட்டு வரேன்" என்றாள். சொன்னபடியே டூட்டி முடிந்து, அந்தப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடி மாடியாக ஏறி, பிள்ளை பெற்றவர்களிடம் உட்கார்ந்து பேசினாள். பெரிய டாக்டர் அனுமதி கொடுத்தார், தன் பெயரில்தான் நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வீடியோ கூட்டத்தில் ஹெலன் மும்தாஜிடம் கேட்டதற்கெல்லாம் டாக்டரே பதில் சொன்னார். மும்தாஜ் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் பெயரும் கட்டுரையில் வர வேண்டும் என்று ஹெலனிடம் சண்டை பிடித்தேன். "அது அவர்கள் முடிவு. நாம் தலையிடுவது அவர்களை அவமதிப்பதாகும்" என்றார் மிகுந்த பணிவோடு. இந்த ஊர் மரியாதை இப்படித்தான், யாரை மிதிக்கிறோம் என்று குனிந்து பார்க்காது.

கட்டுரை வெளியானது. டாக்டர் பெயரோடு எங்கள் ஊர். என் பெயரோடு இங்கிலாந்து. கடைசியில், உதவிய செவிலியர்களுக்கு நன்றி. அழுகையோடு மும்தாஜை அழைத்தேன்.

"அட வுடுடி, பேரு கெடக்குது. இப்பவும் நாங்க திருப்பி அனுப்பிகினுதான் கீறோம். கேட்டா டாக்டரு பெட்டு இல்லன்றாரு. அதான் பேஜாரா கீது."

அந்தக் கட்டுரையைப் பார்த்து இங்கே விதியை மாற்றிவிட்டார்கள். பெண் விரும்பினால் இருக்கலாம். இன்று காலை ஒரு பெண் முதல் வலியோடு வந்தாள். கட்டிலில் புது விரிப்பு விரித்து, இங்கேயே இருக்கலாம் என்றேன். "எதற்கு? என் வீடு எதிர்த் தெருதானே" என்று சிரித்துவிட்டுக் கணவன் கையைப் பிடித்தபடி நடந்து போனாள். நான் கேட்டு வாங்கிய கட்டில் காலியாகக் கிடந்தது. மும்தாஜ் அந்நேரம் யாரையோ ஆட்டோவில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்திருப்பாள்.