காந்தமும் காந்தலும்

சித்திரபுரத்துக்கு மேலே உள்ள தேயிலை ஃபேக்டரியில் சிவசங்கரி, இலையை வெக்கையில் காயவைக்கும் டிரையரில் ஆள். வாசத்தை வைத்தே தூளின் பக்குவம் சொல்லிவிடுவாள். போன வருடம் நின்ற நிலையில் மயங்கி விழுந்தாள். கோட்டயத்து ஆஸ்பத்திரியில் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள்.

புறப்படும்போது டாக்டர் மலையாளத்தில் காந்தத்தின் பக்கம் போகக் கூடாது என்றார். சிவசங்கரிக்கு அது காந்தல் என்று கேட்டது. வெக்கை முகத்தில் அடித்தால் 'காந்துது' என்பதுதான் அவர்கள் வீட்டுப் பேச்சு. ஃபேக்டரியில் காந்தத்துக்குப் பெயர் மேக்னட்.

அதனால் சூப்பர்வைசர் ஜோபியிடம் சொல்லி, டிரையரை விட்டு, தூளைச் சலித்துப் பிரிக்கும் சலிப்பு அறைக்கு மாறினாள். அங்கே தூளில் கலந்த இரும்புத்துகளை இழுக்க மேக்னட் கம்பிகள் உண்டு. வேலை முடிந்ததும் அவற்றை உருவித் துடைக்க வேண்டும். கனமான கம்பி என்பதால் பெண்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே துடைப்பார்கள். சிவசங்கரி ஒரு துகள் விடாமல் துடைத்தாள்.

துடைக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடத்தது, தலை சுற்றியது. கீழே வைத்தால் சரியானது. சலிக்கிற மெஷினின் மோட்டர் கரண்டு நெஞ்சிலுள்ள பாட்டரியை இழுக்கிறது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். இன்னொரு முறை விழுந்தால் அன்ஃபிட் என்று எழுத வேண்டிவரும் என்றான் ஜோபி. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். அதற்குப் பயந்து அவள் அதன்பிறகு படபடப்பை வெளியே சொல்லவில்லை. அக்கா மாரித்தாய்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து மறுபடி கோட்டயத்துக்குக் கூட்டிப் போனாள்.

கருவியைச் சோதித்த டெக்னீஷியன் டின்சி, கோளாறு எதுவும் இல்லை என்றாள். காந்தத்தின் பக்கம் போனீர்களா என்று கேட்டாள்.

"அதுக்குப் பயந்துதானே டிரையர விட்டேன். இப்ப மேக்னட்டு தொடைக்கிற வேலைதான்."

மாரித்தாய்க்குப் பிடிபட்டுவிட்டது. "ஏட்டி, காந்தமும் மேக்னட்டும் ஒண்ணுதான். நெஞ்சுக்குள்ள பாட்டரிய வச்சிக்கிட்டு அதப் போயி கட்டிப்புடிச்சிருக்கியே."

பலமான காந்தம் அருகில் வந்தால் கருவி இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் தன் போக்கில் அதைத் துடிக்கவைக்கும், விலகினால் பழையபடி ஆகிவிடும் என்று டின்சி விளக்கினாள். டிரையரின் மோட்டர் மேல் சாயாமல் கைநீளம் தள்ளி நின்றால் அந்த வேலையே பார்க்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பி வந்து சிவசங்கரி எதையும் மறைக்காமல் ஜோபியிடம் சொன்னாள். அவன் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தான்.

"நாளைக்கு டிரையருக்கு வாங்க சேச்சி. அன்ஃபிட் பேச்சே இல்ல."

சலிப்பு அறையில் இனிக் கம்பியை யார் துடைப்பது என்று வாக்குவாதம் கிளம்பியிருந்தது. சிவசங்கரி உள்ளே போகாமல் வாசலில் நின்றாள்.

"நீங்களே கட்டிப்புடிச்சிக்கங்க தாயி. எனக்கு ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."