மஞ்சள் விளக்கும் காது மந்தமான மெக்கானிக்கும்

காரில் கோளாறு என்று காட்டும் அந்த மஞ்சள் செக் இன்ஜின் விளக்கு முதன்முதலாக எரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவிடந்தை தாண்டி வரும்போது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஓர் இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, யாரையாவது கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். அலுவலகத்து ஆட்கள், காஸ் ஏஜென்சி, பல் டாக்டர், மதுரையில் இருக்கும் அண்ணி. விடுமுறை நாளில் உரிமையோடு தொந்தரவு செய்ய ஒருவர்கூட இல்லை. போனைப் பையில் போட்டுவிட்டு மெதுவாக நான் குடியிருக்கும் டவுன்ஷிப் வரை ஓட்டி வந்தேன்.

கார் என் கணவருடையது. அவர் இறந்த பிறகுதான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

எனக்கு ஆராய்ச்சி மையத்தில் கருவிகள் பிரிவில் வேலை. சென்சார்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதுதான் இருபத்தைந்து வருடப் பிழைப்பு. அதனால், முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "புகைக்குழாய்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு மேடம்" என்று சொன்னபோது மறுபேச்சு பேசவில்லை. சென்சார்கள் போகும். எனக்குத் தெரியாததா?

மாற்றினார்கள். பத்தாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. குழாயின் பின்பக்கம் இருந்த இன்னொன்றையும் மாற்றினார்கள். அது எட்டு நாள்தான் தாங்கியது.

செய்யூர் போகிற வழியில் ஒரு மெக்கானிக் இருப்பதாக எங்கள் கேன்டீன்காரர் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் போனேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நான் பேசும்போது என் வாயையே உற்றுப் பார்த்தார். ஸ்கேனரில் கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்தவர், "வண்டிய இங்கியே வுட்டுட்டுப் போமா. காலைல இன்ஜின் ஆறினப்புறம் பாக்கணும். சூடா இருந்தா இரும்பு விரிஞ்சி ஓட்டைய அடச்சிக்கும்" என்றார்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போய், மறுநாள் காலை பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன். அவர் ஒரு ரப்பர் குழாயை என் கையில் கொடுத்தார்.

"எனக்குக் காது அவ்ளோவா கேக்காது. ஒரு முனைய காதுல வச்சிக்கோ. இன்னா கேக்குதுன்னு நீதான் சொல்லணும்."

அவர் இன்ஜினை முடுக்கினார். நான் பானெட்டுக்குள் குனிந்து குழாயின் மறுமுனையை அங்கும் இங்கும் நகர்த்தினேன். இன்ஜினிலிருந்து புகைக்குழாய் கிளம்புகிற மூட்டுக்குக் கிட்டே வந்ததும், நாக்கைத் தட்டுவதுபோல விடாமல் ஒரு சத்தம். அது எனக்குப் புதிதில்லை. பல மாதமாகக் காலையில் காரை எடுக்கும்போதெல்லாம் கேட்டதுதான். பக்கத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், என்ன சத்தம் அது என்று கேட்டிருப்பார்கள்.

"இங்கதான்!" என்று கத்தினேன்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். மூட்டின் ஓரத்தில் கரி படிந்திருந்தது. "சென்சாரு நல்லாத்தான் கீது. இந்தச் சந்துல வெளிக்காத்து பூந்துகினு கீது. அது அந்தக் காத்தப் பாத்துட்டு பெட்ரோலு கம்மின்னு சொல்லிகினு கீது" என்றார். மூட்டுக்குள் காற்று புகாமல் அடைக்கிற கேஸ்கெட் தகட்டை மாற்ற மதியம் வரை ஆனது.

விளக்கை அணைத்த பிறகும் அவர் விடவில்லை. காரின் கம்ப்யூட்டர் தானாக எல்லாவற்றையும் சோதித்து முடிக்க வேண்டுமாம். அதற்கு நாற்பது கிலோமீட்டர் சீராக ஓட்ட வேண்டுமாம். ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் ஓட்ட ஆரம்பித்த பதினாலு மாதமாக அந்த இருக்கையில் என் கைப்பை மட்டும்தான் உட்கார்ந்து வந்திருந்தது.

சவுக்குத் தோப்புகளைத் தாண்டும்போது கேட்டார்: "முன்னாடி யாரும்மா ஓட்டினது?"

"என் வீட்டுக்காரர். இப்போ இல்லை."

"இன்னா?"

"அவர் இல்லைங்க."

"வெளியூரா?"

தவறிவிட்டார், போய்விட்டார் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அந்தச் சொற்கள் எதுவும் இவர் காதில் ஏறாது என்று தோன்றியது.

"செத்துட்டாரு!" என்று கத்தினேன்.

வேர்க்கடலைக் கொல்லையில் குனிந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஸ்கேனரை மூடி வைத்தார்.

"எப்படிமா?"

கத்திக்கொண்டே சொன்னேன். நெஞ்சு வலி, காலை நேரம், குளியலறை. நான் அடுப்படியில் ரேடியோவைப் போட்டுவிட்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்று கத்தினேன். அதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அழுகையும் வந்தது. பாதி இவருக்குப் புரிந்திருக்காது.

"ரோட்டப் பாத்து ஓட்டுமா" என்றார். பிறகு, "இன்னும் பத்து கிலோமீட்டரு கீது. சொல்லு" என்றார்.

சொன்னேன். பட்டறைக்குத் திரும்பியதும் ஸ்கேனரைக் காட்டி, எல்லாம் முடிந்துவிட்டது, சரியாக இருக்கிறது என்றார். அதற்கப்புறம் அந்த விளக்கு எரியவில்லை.

அன்று சாயங்காலம் வீடு எப்போதும்போலத்தான் இருந்தது. ஒரு தட்டு கழுவினேன், ஒரு தம்ளர் கழுவினேன். மறுநாள் அலுவலகத்தில் என் குரல் கரகரத்தது.

"சளியா மேடம்?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள்.

"இல்லை. நேத்து கொஞ்சம் பேசினேன்" என்றேன்.