கல்லறைக்கு நான்கு விரல் கீழே

ஃபுனாஃபுட்டி தீவில் சுனேமாவின் பேச்சை நம்பாதவர் கிடையாது. வானிலை அலுவலக வாசலில் தொங்கும் கரும்பலகையில் அன்றன்றைய கடலேற்றத்தைச் சாக்பீஸால் எழுதிப்போடுவது பத்தொன்பது வருடங்களாக அவள் வேலை. எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்று அவள் எழுதினால் அதுதான். மீனவன் ஃபகாசோவா அதைப் பார்த்துவிட்டுத்தான் படகைத் தள்ளுவான். போகிற போக்கில் வம்புக்கும் இழுப்பான்.

"என்னக்கா, நிலா உங்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் கிளம்புதாமே?"

"ஆமாடா. உன்னை மாதிரி நேரங்கெட்ட நேரத்துல வீட்டுக்கு வர்ற ஜாதியில்ல அது."

அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பூமி, நிலா, சூரியன் மூன்றும் ஒரே வரிசையில் வரும்போது கடல் அதிகம் ஏறும். நிலா சுற்றும் பாதையோ சரியான வட்டமில்லை; சில நாள் பூமிக்குக் கிட்டத்தில் வரும், சில நாள் தள்ளிப் போகும். வரிசையும் கிட்டமும் சேர்ந்துகொண்டால் பேரேற்றம். அது எந்த நாளில் என்று அடுத்த வருடத்துக்கும் இன்றைக்கே சொல்லிவிடலாம்.

சொல்ல முடியாதது வேறு. மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய ஒரே மகள் மலியா, ஆறு வயது, நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். எல்லோரையும் போல வீட்டை ஒட்டியே, காயல் கரையோரம், அடக்கம் செய்தார்கள். காலையில் அந்தக் கல்லறையைப் பெருக்காமல் சுனேமா வேலைக்குப் போனதில்லை.

இந்த வருடம் பிப்ரவரி அமாவாசைக்கு மறுநாள், மாலை ஐந்து இருபதுக்குப் பேரேற்றம் என்று அலுவலகத்தின் கடலேற்றப் பட்டியல் சொன்னது. தண்ணீர் கல்லறைவரை வருமா என்று ஒரு மாதத்துக்கு முன்பே அவள் குச்சி நட்டு அளந்து பார்த்துவிட்டாள். கணவன் லுசாமாவுக்கு மனம் ஆறவில்லை.

"பிள்ளையை எங்கண்ணன் நிலத்துக்கு மாத்திடலாமா சுனேமா? அது மேடு. பாதிரியாரும் சரின்னுட்டார்."

"எதுக்கு? தண்ணி நாலு விரல் கீழயே நின்னுடும். நானே அளந்தேன்."

"நாலு விரலெல்லாம் ஒரு தூரமா?"

"என் பலகை என்னிக்காவது தப்பியிருக்கா, சொல்லு."

தப்பியதில்லைதான். ஆனால் அவளைப் பேச வைத்தது கணக்கு அல்ல. அந்த மண்ணில் இன்னொரு தடவை மண்வெட்டி இறங்குவதை அவளால் பார்க்க முடியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, அளவைச் சொல்லிவிட்டாள். லுசாமா அத்தோடு விட்டுவிட்டான்.

நிலாவும் சூரியனும் வாக்குத் தவறவில்லை. காற்றுதான் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. மூன்று நாளாக மேற்குக் காற்று ஓயாமல் அடித்து, காயல் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பட்டியலில் காற்று கிடையாது என்று ஊருக்கே சொல்பவள் அவள். அன்று காலையில் அலுவலகக் கொடி படபடத்ததைப் பார்த்தும், சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். எந்தத் தாய்க்குத்தான் அந்தப் புத்தி வராது?

நாலரைக்கே அந்த நான்கு விரலும் போய்விட்டது. லுசாமாவும் ஃபகாசோவாவும் மணல் மூட்டை அடுக்கினார்கள். சுனேமா கல்லறையின் மேல் குப்புற விழுந்து, இரண்டு கைகளாலும் மண்ணை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். சரியாக ஐந்து இருபதுக்கு, அவளுக்கு அடியிலேயே கரை இடிந்தது.

ஃபகாசோவா அவளை இழுத்து வெளியே போட்டான். லுசாமா இடுப்பளவுத் தண்ணீரில் சட்டையைக் கழற்றி, கைக்கு அகப்பட்டதையெல்லாம் அதில் சேர்த்தான். எல்லாம் அகப்படவில்லை. அகப்பட்டதை இருட்டும் முன் அண்ணன் நிலத்தில் புதைத்தார்கள். மிகச் சிறிய குழியே போதுமாயிருந்தது. பாதிரியார் ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்; ஃபகாசோவாவும் கிளம்பினான்.

ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்த சுனேமா கணவன் பக்கம் திரும்பினாள்.

"கணக்கெல்லாம் சும்மா, லுசாமா. அவளைத் தோண்டி எடுக்க எனக்கு மனசு வரல. அதை மறைக்கத்தான் நாலு விரல்னு சொன்னேன்."

அவன் தன் நகக்கண்ணில் இருந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்," என்றான். "எனக்கும் மனசு வரல. நீ வேண்டாம்னு சொல்லிடுவன்னு தெரிஞ்சுதான் உங்கிட்ட வந்து கேட்டேன்."