காதோரம் தடவிய பூண்டு

இன்று மின்ரயிலில் பக்கத்தில் இருந்த பெண் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினாள். பூண்டில் உள்ள சில பொருள்கள் தோல் புற்றுநோயைத் தடுக்குமா என்று ஆராய்கிறார்களாம்.

எனக்கு அறுபதுகளின் பம்பாய் மாட்டுங்கா நினைவுக்கு வந்தது.

அப்பாவின் காதோரம் ஒரு புண் ஆறவே இல்லை. புற்றுநோய்தான், வெட்டி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டுக்குள் பூண்டு நுழைந்ததே கிடையாது. பூண்டை அரைத்துத் தடவினால் ஆறிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா தாதர் மார்க்கெட்டில் பூண்டு வாங்கிவந்து, மூக்கைச் சுளிக்காமல் அரைத்தாள்.

"கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோங்கோ."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் புண்ணைச் சுற்றிலும் கொப்புளம். "யார் இதைத் தடவியது?" என்று டாக்டர் இந்தியில் இரைந்தார். அம்மா வாயைத் திறந்தாள். அப்பா முந்திக்கொண்டு, தெரிந்த இந்தியில் "மை, மை" - நான், நான் - என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "எதுக்கு இப்படிப் பொய் சொன்னேள்?"

"எரிஞ்சது எனக்குத்தானே? திட்டும் எனக்கே இருக்கட்டும்."

கொப்புளம் ஆறியதும் புண்ணை வெட்டி எடுத்தார்கள். அப்பா என் கல்யாணத்தையும் பார்த்தார், பேரனையும் கொஞ்சினார்.

ஆராய்ச்சி முடியட்டும். அதுவரை பூண்டு ரசத்தோடு நிற்கட்டும்.

இப்படிப் பொய் சொன்ன அப்பாக்கள் உங்கள் வீட்டிலும் உண்டா?